டிசர்டேஷன் கோடையில் ப்ராம்ஸ் கச்சேரி: லண்டனில் முதல்முறை போகிறவர்களுக்கு

ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வந்த நம்மூர்ப் பிள்ளைகள் ஜூன் பிறந்ததும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "டிசர்டேஷன் முடியட்டும், அப்புறம் எல்லாம் பார்த்துக்கலாம்." டிசர்டேஷன், அதாவது படிப்பின் கடைசியில் எழுதும் ஆய்வேடு, முடியும்போது செப்டம்பர் வந்திருக்கும். அறையைக் காலி செய்ய வேண்டும், வேலை தேட வேண்டும், பெட்டி கட்ட வேண்டும். ப்ராம்ஸ் விழாவும் முடியப்போகிற நேரமாக இருக்கும். அது லண்டனில் ஜூலை நடுவில் தொடங்கி எட்டு வாரம் நடந்து செப்டம்பர் நடுவில் முடிகிற மேற்கத்திய செவ்வியல் இசை விழா. நம் டிசர்டேஷனும் அதே எட்டு வாரத்தில்தான் வந்து உட்காருகிறது. அதனால் படிப்பு முடிந்த பிறகு கச்சேரி என்று வைத்துக்கொண்டால் கச்சேரியே கிடையாது. படிப்புக்கு நடுவில்தான் போக வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ப்ராம்ஸ் வேறு, ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் வேறு. 'ப்ராமனாட்' என்ற சொல்லின் சுருக்கம்தான் இந்தப் பெயர், அதற்கு உலாவுவது என்று பொருள். டிக்கெட் விலையைக் குறைத்து, ஜனங்கள் நின்றபடியும் நடந்தபடியும் நல்ல இசையைக் கேட்கட்டும் என்று 1895-ல் ராபர்ட் நியூமன் ஏற்பாடு செய்து, ஹென்றி உட் நடத்திக்கொடுத்த கச்சேரிகள் இவை. 1941-ல் குண்டுவீச்சில் பழைய அரங்கம் அழிந்துபோனதால் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தார்கள். இப்போது நடத்துவது பிபிசி. நின்று கேட்கும் இடம் இன்றும் இருக்கிறது, 2024-ல் அதற்கு 8 பவுண்ட்தான் வாங்கினார்கள். மாணவனுக்கு இதைவிட நியாயமான விலை லண்டனில் கிடைக்காது.

படி 1: காலண்டரைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஒரு பெரிய தாளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கட்டம் போடுங்கள். ஒப்படைக்கும் நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். செப்டம்பர் 5 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய பத்து நாள் மேற்கோள் சரிபார்க்க, பக்க அமைப்பு பார்க்க, திருத்தம் போட. அந்தப் பத்து நாளில் கச்சேரி வேண்டாம். அதற்கு முன் இரண்டு வாரம் சூப்பர்வைசர் படித்துக் கருத்துச் சொல்வதற்கு. ஆக, முழு வரைவு ஆகஸ்ட் 10-ஐ ஒட்டி அவர் கையில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் பேராசிரியர்கள் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். "ஆகஸ்டில் எந்த வாரம் ஊரில் இருப்பீர்கள்?" என்று ஜூனிலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி அத்தியாயத்தை யாருமே பார்க்காமல் ஒப்படைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கச்சேரி நாட்களைப் பச்சையில் குறியுங்கள். இந்தக் கோடைக்கு நான்கு போதும்: ஜூலையில் இரண்டு, வரைவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஆகஸ்ட் நடு வாரங்களில் இரண்டு. அந்தக் காத்திருக்கும் நாட்களில் மனம் எதிலும் நிலைக்காது. அறையில் உட்கார்ந்து மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, எண்பது பேர் சேர்ந்து வாசிப்பதைப் போய்க் கேட்பது நூறு மடங்கு மேல்.

பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்டர்ஸ் மாணவர்களுக்குக் கோடை பொதுவாக விடுமுறைக் கணக்கில் வராது, டிசர்டேஷன் காலமும் பருவக் காலம்தான். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு அப்போதும் தொடரும். "சம்மர்தானே, ஃபுல் டைம் செய்யலாம்" என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள், உங்கள் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் கேளுங்கள். ஷிஃப்ட் போடும் மேலாளரிடம் உங்கள் நான்கு பச்சை நாட்களையும் ஜூனிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: எந்தக் கச்சேரி?

நிகழ்ச்சிப் பட்டியல் பொதுவாக ஏப்ரலில் வந்துவிடும். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, ஆர்கெஸ்ட்ராவை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு வந்திருக்கிறது. 

முதல் தடவைக்கு ஒரு கான்செர்ட்டோ இருக்கிற மாலையைத் தேர்ந்தெடுங்கள். வயலினோ பியானோவோ முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ரா பதில் சொல்லும். நம் கச்சேரியில் பாடகரையும் பக்கவாத்தியத்தையும் சேர்த்துக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். மாலர் என்ற இசையமைப்பாளரின் மூன்றாம் சிம்பொனி போன்றவற்றை அடுத்தடுத்த தடவைக்கு வையுங்கள். அது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும், அதுவரை நிற்க வேண்டும். இந்திய இசையும் அவ்வப்போது உண்டு. 2023-ல் லதா மங்கேஷ்கருக்காக ஒரு மாலையையே ஒதுக்கினார்கள்.

தேர்ந்தெடுத்ததை முந்தின வாரம் ஒருமுறை, சமைக்கும்போதாவது கேட்டுவிடுங்கள். தெரிந்த இடம் ஒன்று வந்தால்கூட நேரில் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

படி 3: டிக்கெட்

உட்காரும் இடங்களுக்கு முன்பதிவு உண்டு, அவை விலை கூடியவை. நிற்கும் டிக்கெட்டை அன்றன்று காலை ஆன்லைனில் திறப்பார்கள். முந்தின நாளே கணக்குத் தொடங்கி, கார்டு விவரம் போட்டு வையுங்கள். பெரிய பெயர்கள் வாசிக்கும் நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அந்தப் பச்சைக் கட்டத்தை அடுத்த வாரத்துக்கு நகர்த்துங்கள், அழித்துவிடாதீர்கள்.

நிற்க இரண்டு இடம் உண்டு. அரீனா என்பது மேடைக்கு நேர் முன்னால். கேலரி என்பது அரங்கத்தின் உச்சியில். நாள் முழுக்க நாற்காலியில் முதுகு பிடித்துப்போனவர்கள் கேலரிக்குப் போகலாம், அங்கே சிலர் தரையில் படுத்துக்கொண்டே கேட்பார்கள். முதல் தடவைக்கு நான் சொல்வது அரீனாதான்.

படி 4: கச்சேரி நாள்

அன்று காலையிலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். கச்சேரி ஏழு, ஏழரைக்கு என்றால் நான்கு மணிக்கு எழுத்தை நிறுத்துங்கள். நிறுத்தும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்து என்ன எழுதப்போகிறீர்கள் என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். மறுநாள் காலை வெறும் திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

லேப்டாப்போடு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள், அப்படியே விட்டாலும் இரண்டு மணி நேரம் அதைச் சுமந்து நிற்க முடியாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெளியே வாங்கினால் டிக்கெட்டைவிடச் செலவாகும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போய் ஹாலுக்கு எதிரே கென்சிங்டன் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அடி மெத்தென்ற செருப்போ ஷூவோ கட்டாயம். சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கி, இம்பீரியல் கல்லூரியைத் தாண்டி நடந்தால் ஹால் வந்துவிடும்.

படி 5: உள்ளே

அரீனாவில் முன்னால் போய் நின்றால் முதல் வயலின்காரர்கள் சில அடி தூரத்தில் இருப்பார்கள். வில் தந்தியில் இறங்குவதற்கு முன் அவர்கள் மூச்சு இழுப்பது கேட்கும். ஓபோ என்ற ஊதுகருவி ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும், ஆர்கெஸ்ட்ரா முழுக்க அதில் வந்து சேரும். நம் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற அதே நிமிஷம். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது அங்கேதான்.

பியானோ கச்சேரி என்றால் இன்னொன்றும் கேட்கலாம். பியானோவின் மூடியைத் தூக்கும்போது அரீனாவில் நிற்பவர்கள் "ஹீவ்!" என்று கத்துவார்கள், உச்சியில் கேலரியிலிருந்து "ஹோ!" என்று பதில் வரும். பல வருடப் பழக்கம் அது. நீங்களும் சேர்ந்து கத்தலாம்.

ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும். பகுதிகளுக்கு நடுவே பொதுவாகக் கைதட்டுவதில்லை. சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை காத்திருங்கள். தெரியாமல் தட்டிவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. போனை அணைத்துவிடுங்கள். தலைசுற்றினால் தயங்காமல் தரையில் உட்காருங்கள்.

மேலே கூரையைப் பாருங்கள், காளான் மாதிரி வட்டத் தட்டுகள் தொங்கும். 1871-ல் திறந்த நாளிலிருந்தே அந்த அரங்கில் எதிரொலித் தொல்லை. அதைக் குறைக்க 1969-ல் மாட்டியவை அவை.

படி 6: திரும்புவது

பெரும்பாலும் பத்து மணிக்குள் வெளியே வந்துவிடலாம், டியூப், அதாவது லண்டன் சுரங்க ரயில், ஓடிக்கொண்டிருக்கும். இரவு பத்தேகாலுக்குத் தொடங்கும் கச்சேரிகளும் சில உண்டு. அவற்றை வெள்ளி, சனியில் வைத்துக்கொண்டால் பிக்காடில்லி லைனில் இரவு முழுக்க ரயில் இருக்கும். மற்ற நாட்களில் நைட் பஸ். மறுநாள் காலை சூப்பர்வைசர் சந்திப்பு வைக்காதீர்கள்.

படி 7: போக முடியாத மாலைகளுக்கு

கடைசிப் பத்து நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பீர்கள். அப்போதும் ஒவ்வொரு ப்ராம்ஸ் கச்சேரியையும் பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்பும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேற்கோள் பட்டியலைச் சரிபாருங்கள். பியானோவின் மூடியைத் தூக்கும் நேரத்தில் தூரத்தில் "ஹீவ்!" என்று ஒரு சத்தம் வந்தால், ஜூலையில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.