ஜப்பானில் ராமென் (சூப்பில் பரிமாறும் நூடுல்ஸ்) கடைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பல கடைகளில் வாசலருகே டிக்கெட் இயந்திரம் இருக்கும். முதலில் பணம், பிறகுதான் பட்டன். 1,000 யென் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டுகளையும், 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளையும் ஏற்காத பழைய இயந்திரங்கள் உண்டு. எதை வாங்குவது என்று குழப்பமா? இடப்பக்க மேல்மூலைப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலும் கடையின் முக்கிய ராமென் அதுதான். டிக்கெட்டை ஊழியரிடம் கொடுத்தால் போதும்.

சைவர்கள் கவனிக்க: மேலே உள்ள இறைச்சியை விலக்கினால் ராமென் சைவமாகிவிடாது. சூப்பே பெரும்பாலும் பன்றி எலும்பு, கோழி அல்லது மீனில் காய்ச்சியது. சைவ ராமென் தரும் கடையை முன்கூட்டியே தேடிவிட்டுப் போங்கள்.

ஹகாட்டா (ஃபுகுவோகா நகரின் ஒரு பகுதி) பாணிக் கடைகளில் நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். ‘காத்தா’ என்றால் விறைப்பு, ‘ஃபுட்சூ’ நடுத்தரம், ‘யாவா’ மென்மை. மெல்லிய நூடுல்ஸ் சூடான சூப்பில் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். அதனால் ‘காத்தா’ கேட்பதே நல்லது. பசி தீரவில்லையா? ‘காயேதாமா’ என்று சொன்னால் இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் வரும். அதற்குச் சூப்பை மிச்சம் வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

உறிஞ்சும் சத்தம் தவறே இல்லை. குச்சிகளை மட்டும் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறுதிச்சடங்கு வழக்கம். வெளியே வரிசை நின்றால் சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள். டிப்ஸ் வேண்டாம், ‘கோச்சிசோசாமா’ (உணவுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.