மோட்டார் சரியான பக்கம்தான் சுற்றுகிறதா?

மூன்று ஃபேஸ் மோட்டாரைப் புதிதாக இணைத்தாலோ, ரீவைண்டிங் (காயிலை மறுபடி சுற்றுவது) முடிந்து திரும்ப மாட்டினாலோ, பம்புடன் கப்ளிங் (இரண்டின் தண்டுகளையும் இணைக்கும் பாகம்) போடும் முன்பே சுழலும் திசையைப் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு நொடி சுவிட்சைப் போட்டு அணைத்தால் போதும். முழு வேகத்தில் கண் ஏமாறும். வேகம் தணிந்து நிற்கப்போகும் நேரத்தில்தான் திசை தெளிவாகத் தெரியும். ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) முன்கூட்டியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. துணி, கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

திசை தவறா? மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்தபின், மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். மூன்றையும் வரிசையாக நகர்த்தினால் பழைய திசையே வரும். அவசரத்தில் பலரும் செய்கிற தவறு இது.

"தண்ணீர் வருகிறதே, அப்போ சரிதான்" என்று நம்ப வேண்டாம். சென்ட்ரிஃப்யூகல் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அழுத்தம்தான் இருக்காது. கிணற்றுக்குள் இருக்கும் சப்மெர்சிபிளில் ஷாஃப்ட்டைப் பார்க்க வழியில்லை. இரண்டு விதமாகவும் இணைத்துச் சற்று நேரம் ஓட்டி, எதில் அழுத்தமும் தண்ணீரும் அதிகமோ அதையே வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் மரையில் மாட்டியிருக்கும் பம்பில் மட்டும் இந்தச் சோதனை கூடாது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும்.

சிங்கிள் ஃபேஸில் சப்ளை வயரை மாற்றிப் பயனில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் காயிலான ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரு முனைகளைத்தான் மாற்ற வேண்டும்.