குதிரையை இரவல் கொடுக்கும் முன் ஒரு தாள்

குதிரையை நண்பருக்கு இரவல் கொடுக்கிறீர்களா? உதைக்கும், கடிக்கும், ஹாரன் சத்தத்துக்கு மிரளும் என்று உங்களுக்குத் தெரிந்த குணங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னாலும் போதும்தான், ஆனால் விபத்துக்கு அப்புறம் அதை நிரூபிப்பது பெரும்பாடு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 150-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. அதில் வரும் உதாரணமே குதிரைதான்: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தால், விழுந்து அடிபட்டவருக்குக் கொடுத்தவரே பொறுப்பு.

வாடகைக்கு விடுபவர்கள் இந்தத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். வாடகை என்றால், உங்களுக்கே தெரியாத குறைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. குதிரை தெருவில் போகிறவரை உதைத்தாலும் இந்தத் தாள் அவரைக் கட்டுப்படுத்தாது.