ஒரு நாட்டின் சித்தாந்தம் தெரிய வேண்டுமா? விண்ணப்பப் படிவத்தைப் படியுங்கள்

தேர்தல் அறிக்கையைப் படித்தால் உலகத்தில் எந்தக் கட்சியும் ஏழைகளுக்கு எதிரி கிடையாது. வலதும் சரி, இடதும் சரி, முதியோரைக் காப்போம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் ஒரு நாட்டின் நலத்திட்டங்களுக்குப் பின்னால் எந்தச் சித்தாந்தம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் படிவத்தைத் தேடி எடுங்கள். அதில் என்ன கேட்கிறார்கள்? வருமானம் எவ்வளவு என்றா, இதுவரை எத்தனை மாதம் காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்றா, இல்லை பெயரும் பிறந்த தேதியும் மட்டும் போதுமா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதியை எப்படித் தோண்டி எடுப்பது என்று கீழே சொல்கிறேன்.

ஆரம்பத்திலேயே முழு நாட்டையும் கையில் எடுக்காதீர்கள். ஓய்வூதியம், மருத்துவம், குழந்தைகளுக்கான உதவித்தொகை, வேலையிழந்தோருக்கான உதவி, இவற்றில் ஏதாவது ஒன்றை எடுங்கள். ஒரே நாட்டில் மருத்துவம் ஒரு கொள்கைப்படியும் ஓய்வூதியம் வேறொரு கொள்கைப்படியும் நடப்பது சகஜம். மொத்தச் செலவுத் தொகையையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நானும் முதலில் அதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதியவர்கள் அதிகம் உள்ள நாடு எந்தக் கட்சி ஆண்டாலும் அதிகம் செலவழிக்கும் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

யாருக்குக் கொடுக்கிறார்கள்?

டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-ல் பணக்கார நாடுகளின் நல அமைப்புகளை மூன்று வகையாகப் பிரித்தார்: தாராளவாதம், பழமைவாதம், சமூக ஜனநாயகம். இதில் தாராளவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் தாராளமாக அள்ளிக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட நேர்மாறு. சந்தை பார்த்துக்கொள்ளட்டும், அங்கே விழுந்தவர்களை மட்டும் அரசு தூக்கிவிடட்டும் என்பதுதான் இங்கே அதன் பொருள்.

படிவம் வருமானத்தைக் கேட்டால் இந்த முதல் வகையின் வாடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதன் வேர் பழையது. இங்கிலாந்தில் 1834-ல் வந்த ஏழைகள் சட்டம், உதவி பெறுபவரின் நிலை வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிட மோசமாகவே இருக்க வேண்டும் என்றது. இல்லாவிட்டால் எவன் உழைப்பான் என்ற பயம். அந்தப் பயம் இன்றும் பல படிவங்களின் அடியில் ஓடுகிறது. வருமான வரம்பு வைத்தால் இன்னொரு சிக்கலும் கூடவே வரும்: சம்பளம் கொஞ்சம் உயர்ந்தால் உதவி நின்றுபோகும், கூடுதலாகச் சம்பாதித்தும் கையில் இருப்பது குறையும். வரம்பைத் தாண்டியவுடன் தொகை படிப்படியாகக் குறைகிறதா, சட்டென்று அறுந்துவிடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சந்தா எத்தனை மாதம் கட்டினீர்கள் என்று கேட்டால் அது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் சான்சலர் (அரசுத் தலைவர்) பிஸ்மார்க்கின் வழி. ஜெர்மனியில் 1883-ல் நோய்க்காப்பீடு, 1884-ல் விபத்துக்காப்பீடு, 1889-ல் முதுமைக்கும் உடல் முடியாமல் போவதற்குமான காப்பீடு என்று வரிசையாகக் கொண்டுவந்தவர் அவர். இதே மனிதர்தான் 1878-ல் சோஷலிஸ்டுகளுக்கு எதிராகத் தடைச் சட்டம் போட்டவர். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் ஓய்வூதியம். தொழிலாளி புரட்சிக்காரன் பின்னால் போகாமல் அரசோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. (பிஸ்மார்க் 65 வயதை நிர்ணயித்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அவர் வைத்தது 70. அது 65 ஆனது 1916-ல்.) இந்த முறையில் அதிகச் சம்பளம் வாங்கியவருக்கு அதிக ஓய்வூதியம், குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த ஓய்வூதியம். உழைக்கும் காலத்து மேடு பள்ளம் முதுமையிலும் அப்படியே தொடரும். பழமைவாதம் என்ற பெயர் இதற்கு ஏன் பொருந்துகிறது என்பது இங்கேதான் தெரியும்: யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, ஆனால் யாரும் தன் படிநிலையிலிருந்து நகரவும் வேண்டியதில்லை.

மூன்றாவது வகையில் படிவம் சின்னதாக இருக்கும், சில சமயம் படிவமே இருக்காது. ஸ்வீடனில் 1948-ல் வந்த குழந்தை உதவித்தொகை அப்படி, வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று உடனே கேட்கத் தோன்றும். சமூக ஜனநாயகவாதிகளின் பதில்: கொடுத்ததை வரியில் திரும்ப எடுத்துக்கொள்வோம், ஆனால் நடுத்தர வர்க்கமும் இதே திட்டத்தில் இருந்தால்தான் நாளைக்கு ஒருவன் வந்து இதை வெட்டும்போது சத்தம் போட ஆள் இருக்கும். எனக்கு இந்த வாதம் பிடிக்கும், வெறும் கருணையை நம்பாத அரசியல் கணக்கு இது. ஆனால் இதற்கு வரி கனமாக இருந்தாக வேண்டும். வரியைக் குறைப்போம், எல்லாருக்கும் கொடுப்போம் என்று ஒரே மூச்சில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பணம் யார் பையிலிருந்து?

பொது வரியா, சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவா, அவரவர் சொந்தக் கணக்கா என்று பார்ப்பது அடுத்த வேலை. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ல் தொடங்கியது, பெரும்பகுதி பொது வரியில் நடக்கிறது, மருத்துவரிடம் போகும்போது யாரும் சந்தா ரசீதைக் கேட்பதில்லை. மறுமுனையில் சிலே. பினோசேயின் ராணுவ ஆட்சி 1981-ல் ஓய்வூதியத்தைத் தனியார் கையில் கொடுத்தது: தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தன் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டும், தனியார் நிறுவனம் அதை முதலீடு செய்யும், முதலாளியின் பங்கு அப்போது கிடையாது. தனிமனிதப் பொறுப்பு என்ற சித்தாந்தத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் செயல்படுத்தியதில்லை என்று சொல்லலாம், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. ராணுவமும் காவல்துறையும் இந்த மாற்றத்தில் சேரவில்லை, அவர்களுக்குப் பழைய முறையே தொடர்ந்தது. எந்தச் சீர்திருத்தத்தைப் படித்தாலும் அதைக் கொண்டுவந்தவர்கள் தங்களுக்கு விலக்கு வைத்துக்கொண்டார்களா என்று தேடுங்கள், நூறு பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு வரி நிறையச் சொல்லும். வேலை நிரந்தரமில்லாதவர்கள் கணக்கில் போதிய பணம் சேராததால் 2008-ல் அதிபர் பாசெலேயின் அரசு வரிப்பணத்திலிருந்து ஓர் அடிப்படை ஓய்வூதியத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது.

படிவமே இல்லாத மானியங்களும் உண்டு, அவற்றைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு வைத்திருந்ததால் நிறுவனங்கள் ஆட்களைப் பிடிக்க மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்க ஆரம்பித்தன. அதற்கு வரி கிடையாது என்பதை 1954 வரிச் சட்டம் உறுதி செய்தது. அரசுக்கு வரவேண்டிய வரி வராமல் போவதும் ஒருவகைச் செலவுதான், ஆனால் அதைப் பெறுபவர் வரிசையில் நிற்பதில்லை, தான் அரசு உதவியில் இருப்பதாக நினைப்பதுகூட இல்லை. நல்ல சம்பளக்காரருக்கு மிச்சமாகும் வரியும் அதிகம். ஆகவே மானியப் பட்டியலோடு வரிச்சலுகைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

குடும்பத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

இது பலர் கவனிக்காத இடம். ஜெர்மனியில் 1958 முதல் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து இரண்டாகப் பிரித்து வரி போடும் முறை உண்டு. ஒருவர் நிறையச் சம்பாதித்து மற்றவர் வீட்டில் இருந்தால் லாபம், இருவரும் சமமாகச் சம்பாதித்தால் ஒன்றும் இல்லை. ஸ்வீடனில் 1971-ல் வருமான வரியைத் தனித்தனியாக ஆக்கினார்கள், 1974-ல் பிரசவ விடுப்பு என்பதைப் பெற்றோர் விடுப்பாக மாற்றி அப்பாவுக்கும் உரிமை கொடுத்தார்கள். ஒரு நாடு குடும்பத்தை ஓர் அலகாகப் பார்க்கிறது, மற்றது தனி ஆளைப் பார்க்கிறது. ஜெர்மன் அணுகுமுறைக்குப் பின்னால் கிறிஸ்தவ ஜனநாயகச் சிந்தனை இருக்கிறது: குடும்பமும் திருச்சபையும் செய்யக்கூடியதை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே முதியோர் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் கத்தோலிக்கரின் காரித்தாஸ், புரோட்டஸ்டண்டுகளின் டியாகோனி என்ற தொண்டு அமைப்புகள் பெரிய அளவில் நடத்துவது தற்செயல் கிடையாது.

நிபந்தனை, அதை மீறினால் என்ன

நிபந்தனை வைத்தாலே வலதுசாரித் திட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரேசிலில் அதிபர் லூலாவின் அரசு 2003-ல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் போல்சா ஃபமிலியா, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்று நிபந்தனை வைத்த இடதுசாரித் திட்டம். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு தற்காலிக நிறுத்தம், கடைசியில்தான் ரத்து. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவியை மாற்றி 1996-ல் வந்த சட்டம், உதவி பெறுபவர் வேலை செய்ய வேண்டும் என்றதோடு, மத்திய அரசின் பணத்தில் ஒருவர் வாழ்நாளில் மொத்தம் ஐந்து ஆண்டுதான் உதவி பெறலாம் என்று பொதுவான வரம்பும் கட்டியது. இரண்டிலும் நிபந்தனை உண்டு, ஆனால் முதலாவது குடும்பத்துக்கு என்ன பிரச்சினை என்று கேட்க இடம் வைக்கிறது, இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்கிறது. நிபந்தனையைவிட மீறலுக்கான பதிலை உற்றுப் படியுங்கள்.

அந்த 1996 சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் என்பதையும் கவனியுங்கள். ஜெர்மனியில் வேலையிழந்தோர் உதவியை இறுக்கிய 2005 சீர்திருத்தம் சமூக ஜனநாயகவாதி ஷ்ரோடரின் ஆட்சியில் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் தரலாம் என்று 1969-ல் முன்மொழிந்தவர் குடியரசுக் கட்சியின் நிக்சன், அது செனட்டைத் தாண்டவில்லை. கொடியின் நிறத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இங்கெல்லாம் கோட்டை விட்டிருப்பீர்கள். எல்லாருக்கும் அடிப்படை வருமானம் என்ற யோசனையை இரு பக்கத்திலும் சிலர் ஆதரிப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது வந்தால் இருக்கிற எந்தத் திட்டத்தை எடுத்துவிடுவீர்கள்?

சத்தமில்லாமல் நடக்கும் வெட்டு

ஒரு திட்டத்தை மூடினால் ஊரே கூடிவிடும், அதனால் கெட்டிக்கார அரசுகள் மூடுவதில்லை. பிரிட்டனில் தாட்சர் அரசு 1980-ல் அரசு ஓய்வூதிய உயர்வைச் சம்பள உயர்விலிருந்து பிரித்து விலைவாசியோடு மட்டும் கட்டியது. படிவம் மாறவில்லை, தகுதி மாறவில்லை, மறுநாள் யாருக்கும் ஒரு பென்னிகூடக் குறையவில்லை. ஆனால் சம்பளம் விலைவாசியைவிட வேகமாக ஏறியபோது ஓய்வூதியம் ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவின் 1996 சட்டமும் மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்று தொகையை உறைய வைத்தது. பணவீக்கம் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. எனவே திட்டம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தொகை எதோடு சேர்ந்து உயர்கிறது என்பதைச் சட்டத்தில் தேடுங்கள். எதோடும் கட்டப்படவில்லை என்றால் அது பனிக்கட்டி மாதிரி, வெளியே வைத்தால் போதும்.

கடைசியாக, தகுதியுள்ளோர் பட்டியலைப் படித்த பிறகு தகுதியற்றோர் பட்டியலையும் படியுங்கள், நிராகரித்தால் யாரிடம் முறையிடலாம் என்பதையும் பாருங்கள். தீர்ப்பாயம் இருந்தால் உதவி ஓர் உரிமை, அதிகாரியின் மனசுதான் வழி என்றால் அது தானம். இரண்டும் ஒரே சட்டத்தில் கலந்தும் வரும். பிரிட்டனின் 1908 முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தது. அதுவரை ஏழைகள் சட்ட அலுவலகத்தில் தலைகுனிந்து வாங்கியவர்கள் இனி தபால் அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று வாங்கலாம். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, உடலில் தெம்பிருந்தும் வழக்கமாக வேலைக்குப் போகாமல் இருந்தவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்றது.