‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லால் வீணான ஆறு நாள்

மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை, மயிலாப்பூர் வீட்டில். மாடி வீட்டு மாமாதான் வால்வை மூடிவிட்டார் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். பிளம்பர், உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைக் கழற்றினால், அதை மூடவிடாமல் தேங்காய் நார். சம்ப்பை, அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியை, நாரால் தேய்த்துக் கழுவியது நான்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். “மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்” என்று அவருக்கு அனுப்பினேன், நீல டிக்கோடு சரி. சுண்டல் கொடுத்தனுப்பினேன், டப்பா வெறுமையாகத் திரும்பியது (எங்கள் பக்கம் அப்படித் தரவே மாட்டார்கள்). ஏழாம் நாள் அந்த மெசேஜை மறுபடி படித்தபோதுதான் ‘இருந்தால்’ உறுத்தியது. முதலில் குழுவிலேயே தப்பை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டு மாடியேறி, “நார் நான் விட்டது, பழி உங்க மேல போட்டுட்டேன் மாமா” என்றேன்.

“சரி, காபி சாப்பிடறியா?” என்றார்.