அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் அந்த 2

திருவாரூர் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள். தப்பு மட்டும் நான் படிக்கும்போது செய்த அதே தப்பு. கார்பன், கால்சியம் குறியீடுகளைக் குழப்புவதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

வெளியே உள்ள 2 யாருக்கு?

யூரியாவின் வாய்ப்பாடு இப்படிப் போகும்: சி, ஓ, அடைப்புக்குறிக்குள் என் எச் 2, வெளியே இன்னொரு 2. அந்த வெளி 2 உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொது. ஆக நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4, கார்பனும் ஆக்சிஜனும் ஒவ்வொன்று. மொத்தம் 8 அணுக்கள். போன வாரமும் ஒரு பையன் 5 என்று எழுதி நீட்டினான்.

கல்லூரி முதலாண்டில் நானும் அதைத்தான் செய்தேன். மூலக்கூறு நிறை 60 வர வேண்டிய இடத்தில் எனக்கு 44 வந்தது. 60-இல் 28 நைட்ரஜன், அதாவது 46.7 சதவீதம். நான் போட்டது 44-இல் 14; வெறும் 32. சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரம் அது.

"மூட்டையிலேயே 46ன்னு போட்டிருக்கேப்பா" என்றார் அப்பா.

"அதெல்லாம் விளம்பரத்துக்குப்பா" என்றேன்.

படிக்கிற பிள்ளை சொல்கிறானே என்று, ஒரு மூட்டை போகிற இடத்தில் ஒன்றரை மூட்டை போனது. பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது. அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது. கதிர் முற்றுகிற சமயத்தில் பெய்த மழையில், மிச்சம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்னைக் கேட்கவும் இல்லை.

5 என்ற விடையைப் பார்த்தாலே எனக்கு இன்றும் சுருக்கென்கிறது. அடைப்புக்குறி வந்தால் பிரித்தே எழுதுங்கள்: என் எச் 2, என் எச் 2. அப்புறம் எண்ணுங்கள்.

சமன்பாட்டைச் சமன்செய்யும்போது கீழெண்ணில் (குறியீட்டுக்குக் கீழே வரும் சின்ன எண்ணில்) கை வைப்பது

வைக்காதீர்கள். தண்ணீரில் ஓ-வுக்குக் கீழே 2 போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

புள்ளியைத் தாண்டிப் போவது

சிங்க் சல்பேட் வாய்ப்பாட்டில் ஒரு புள்ளி, அதையடுத்து 7 தண்ணீர் மூலக்கூறு. புள்ளியைப் பெருக்கல் குறி என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் தண்ணீர் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது, நிறையில் சேரும். சேர்த்தால் துத்தநாகம் (அதுதான் சிங்க்) சுமார் 23 சதவீதம், விட்டால் 40. ஒரே ஒரு தண்ணீர் உள்ள வகையும் கடையில் கிடைக்கும். பைகளில் 21 என்றும் 33 என்றும் வேறு வேறாக அச்சடித்திருப்பது அதனால்தான்.

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையின் 46

அது பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. தனிமமாகப் பார்த்தால் பாஸ்பரஸ் 20 சதவீதம்தான்.