பால்வாடியில் பெயர் பதிவது எப்படி? கர்ப்பம் தொடங்கி ஆறு வயது வரை

வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் அம்மாக்களிடம் "பால்வாடியில் பேர் குடுத்தாச்சா?" என்று கேட்டால், "பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகலையே" என்பார்கள். பிள்ளை அங்கே போய் உட்காருவது இரண்டு வயதில்தான். ஆனால் மையத்தின் பதிவேட்டில் தாயின் பெயர் கர்ப்பத்திலேயே ஏற வேண்டும். பெயர் இல்லாததால் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த முதல் இரண்டரை வருடத்துப் பலன்கள்தான். பிள்ளையின் உடம்பும் மூளையும் வேகமாக வளர்கிற காலமும் அதுவே. இந்தப் பதிவு தமிழ்நாட்டு அங்கன்வாடிகளைப் பற்றியது. முதல் பிள்ளைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: உங்கள் மையம் எது?

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன தெருக்கள் என்று எல்லை உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு மையம் இருந்தாலும் உங்கள் வீடு வேறு மையத்தின் கணக்கில் இருக்கலாம். ரேஷன் கடையிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். "அங்கன்வாடி எங்கே?" என்பதைவிட "பால்வாடி எங்கே?" என்று கேட்டால் சீக்கிரம் வழி கிடைக்கும். உள்ளே பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் இருப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர்கள் டீச்சரும் ஆயாவும்தான்.

படி 2: "எங்களுக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் எல்லோருக்கும் இது சட்டப்படியான உரிமை. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே ரேஷன் கார்டு என்ன நிறம், சொந்த வீடா வாடகையா என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்காக ஊர் மாறி வந்தவர்களுக்கும் உண்டு. பழைய மையத்தில் இருக்கும் பதிவைப் புது மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், மையத்தில் பதிவு ஏற்றும் கைபேசிச் செயலியிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

படி 3: பதிவு

கர்ப்பம் உறுதியானதும், மூன்று மாதம் முடிவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் பதிவு செய்யுங்கள். அங்கே தாய் சேய் நல அட்டையும், பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணும் தருவார்கள். அந்த அட்டை, ஆதார், கைபேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனால் போதும். குழந்தை பிறந்த பிறகு பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பிள்ளையின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

கைபேசி எண் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மையத்தில் இப்போது எல்லாமே போஷன் டிராக்கர் என்ற செயலியில்தான் ஏறுகிறது. ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும், மையத்தில் தரும் சத்துமாவை வாங்கும்போது முகத்தையும் படம் பிடித்துச் சரிபார்ப்பார்கள். அந்த எண் வேலைக்குப் போன கணவரின் சட்டைப் பையில் இருந்தால் அன்றைக்கு நடந்தது வீண். தாயின் கையில் இருக்கும் எண்ணையே ஆதாரில் இணைத்துவிடுவது நல்லது.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகக் கைக்கு வரும். தாய்க்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும். பலர் இதற்காக பால்வாடி டீச்சரிடம் போய் நிற்கிறார்கள். அது சுகாதாரத் துறையின் திட்டம், செவிலியரிடம்தான் கேட்க வேண்டும்.

படி 4: சத்துமாவை வாங்கினால் மட்டும் போதாது

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் வீட்டுக்கே எடுத்துப்போகச் சத்துமாவு தருவார்கள். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு, கூடவே வைட்டமின்களும் இரும்புச் சத்தும் கலந்திருக்கும். பல வீடுகளில் அது மாட்டுக்கும் கோழிக்கும் போவது ஊரறிந்த ரகசியம். "கசக்குது", "அடிச்ச மாவு வாசனை வருது" என்பார்கள். கட்டி தட்டிப்போன கஞ்சியை எந்தப் பிள்ளை குடிக்கும்?

ஆறு மாதக் குழந்தைக்கு: மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியிலிருந்து சொட்டாமல் மெதுவாக வழிகிற பதம் வரும்போது இறக்கி, அரை ஸ்பூன் நெய் விடுங்கள். தண்ணியாகக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. பல் முளைத்த பிள்ளைக்கு வெந்நீர் தெளித்துப் பிசைந்து, தேங்காய்த் துருவல் போட்டுக் கொழுக்கட்டையாக ஆவியில் வேகவைக்கலாம். புட்டு, அடை எதுவும் வரும். வெல்லம் இருப்பதால் தனியாகச் சர்க்கரை வேண்டாம். கர்ப்பிணிக்குக் கொடுத்த மாவு கர்ப்பிணிக்கே. மாமியார் முதல் கொழுந்தன் வரை பங்கு போட்டால் நாலு நாளில் தீர்ந்துவிடும்.

படி 5: எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள்

என்னைக் கேட்டால் மாவையும் முட்டையையும்விடப் பெரிய விஷயம் இதுதான், ஆனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதம் ஒரு முறை பிள்ளையை எடை போட்டு, உயரம் பார்த்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். பச்சைப் பட்டையில் இருந்தால் சரி. மஞ்சளுக்கு இறங்கினால் கவனம் வேண்டும். ஆரஞ்சு என்றால் கடுமையான எடைக்குறைவு.

ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல் கோட்டின் போக்கைப் பாருங்கள். பச்சையிலேயே இருந்தாலும் இரண்டு மாதமாகக் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால் டீச்சரிடம் கேட்டே ஆக வேண்டும். பொதுவாகப் பிறந்த எடை ஐந்து ஆறு மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. "எங்க வம்சமே ஒல்லி" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையின் மேல் கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் சிறப்பு உணவும் உண்டு.

எடை போடும்போது செருப்பையும் தடித்த சட்டையையும் கழற்றச் சொல்லுங்கள். அட்டையில் புள்ளி வைத்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். தடுப்பூசி புதன்கிழமைகளில் போடுவார்கள். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவமும் உண்டு.

படி 6: இரண்டு வயதானதும் அனுப்புங்கள்

காலையில் சத்துமாவு, மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. நடுவில் பாட்டு, கதை, வண்ணம், விளையாட்டு. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று இதற்கென ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. அ, ஆ எழுத வைக்கவில்லை என்று சில பெற்றோர் கோபித்துக்கொண்டு கடன் வாங்கித் தனியார் எல்கேஜியில் போடுகிறார்கள். மூன்று வயதுக் கைக்குப் பென்சில் பிடிப்பதைவிடக் களிமண் உருட்டுவதுதான் தேவை.

முதல் வாரம் அழுவார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். மாற்று உடை ஒன்று கொடுத்தனுப்புங்கள். யார் வந்தால் பிள்ளையை விடலாம் என்பதை ஆயாவிடம் பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள்.

படி 7: வேலை முடிய மாலை ஆகும் என்றால்

பால்வாடி நேரம் பலருடைய வேலை நேரத்துக்குப் போதாது. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகவும் அங்கே வழியில்லை. அதற்குத்தான் பால்னா திட்டத்தில் குழந்தைகள் காப்பகத்தோடு சேர்ந்த அங்கன்வாடிகள் வருகின்றன. ஆறு மாதக் குழந்தையையும் விடலாம். ஆனால் எல்லா ஊரிலும் கிடையாது, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் விட வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். வேலை செய்யும் இடத்து மேற்பார்வையாளர் "அதெல்லாம் இங்க இல்லம்மா" என்றால் தனியாக நின்று வாதாடாமல் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

படி 8: கிடைக்கவில்லை என்றால்

முதலில் டீச்சரிடமே பேசுங்கள். குறைந்த மதிப்பூதியத்தில் உணவு, பதிவேடு, செயலி, தேர்தல் வேலை என்று எல்லாவற்றையும் சுமக்கிறவர்கள் அவர்கள். இருப்பு வராததற்கு அவர் மேல் பாய்ந்து பயனில்லை. அவரைத் தாண்டினால் வட்டார மேற்பார்வையாளர், அப்புறம் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அதற்கும் மேலே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம் இருக்கிறது. 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

உங்கள் குடியிருப்பில் மையமே இல்லையா? ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிராமத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் இது பொருந்தும். ஒரு நோட்டில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், கதவு எண் என்று வீடு வீடாக எழுதி, தாய்மார்களின் கையெழுத்தோடு மனுவில் இணைத்துக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.